மூன்று மொழியில் ஒரே கேள்வி

கியர்பாக்ஸில் ஆயில் அளவுக் கோட்டுக்கு மேலே நின்றால் வண்டிக்கு மூச்சு முட்டும் என்று நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருக்கலாம். ரப்பர் டியூபை விட்டு வாயால் உறிஞ்சி, இரண்டு பாட்டில் சிவப்பு ஆயிலை வெளியே எடுத்தும் விட்டேன்.

அறுபதுகளின் கடைசி. திராட்சைத் தோட்ட முதலாளி ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்து மூன்று வாரம். கார், கிளட்சே இல்லாத பழைய அமெரிக்க வண்டி. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். "இதெல்லாம் எனக்கு அத்துப்படிங்க" என்று புளுகித்தான் வேலை வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு டிரைவர்களை இதே காருக்காக வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

ஆயிலை எடுத்த மறுநாள் உத்தனப்பள்ளியிலிருந்து வந்தோம். ஓசூர் எல்லை மேட்டில் இஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. முதலாளி இறங்கினார்.

"தாலுக்கா ஆபீசுக்கு நடந்தே போறேன். நாலு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

மணி மூன்று.

ஆள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போன இடம் வக்கீல் மேஸ்திரியின் ஷெட். கறுப்புக் கோட்டெல்லாம் கிடையாது, கிழிந்த பனியன்தான். ஆனால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை, வண்டியை விட்டுவிட்டு டிரைவரை ரிப்பேர் செய்த மெக்கானிக் அவர் ஒருவர்தான். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் டிரைவரைப் பழைய டயரில் உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார். ஒரே கேள்வியைத் தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் கேட்பார். மூன்றிலும் ஒரே பொய்யைச் சொல்ல எந்த டிரைவராலும் முடியாது என்பது அவர் கணக்கு.

"காலைல இழுத்துச்சா?"

"இழுத்துச்சு மேஸ்திரி."

"சூடானப்புறம்?"

"கத்துது, நகரல."

"ரிவர்ஸ்?"

"யோசிச்சு யோசிச்சு வுழுது."

கியர்பாக்ஸில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவினார். சரியாகக் கோட்டில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் ஓடும்போதே மறுபடி உருவினார். நுனியில்கூட ஈரமில்லை. வந்த உயிர் திரும்பிப் போனது.

"ஏம்பா, ஆயில்ல எவன் கை வெச்சான்?"

"தெரியாதுங்க."

"ஆயில் யாரு தெகெத்ரு?"

"கொத்தில்லா" என்று கன்னடத்திலும் கையை விரித்தேன். மணி மூன்றரை.

"ஆயில் எவரு தீசினாரு?"

தெலுங்கு எங்கள் வீட்டுப் பேச்சு. வாய் என்னைக் கேட்காமலே, "நேனே" என்றது. நான்தான்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட மடையா! மத்த வண்டிய நிறுத்திட்டுப் பாக்கணும், இத ஓடறப்பதான் பாக்கணும். நின்னா ஆயிலெல்லாம் கீழ வந்துரும், கோட்டத் தாண்டித்தான் காட்டும். எடுத்தத எங்க கொட்டுன?"

"கொட்டல. டிக்கில இருக்கு."

"பெங்களூரு போனாத்தான் கெடைக்கும் இந்த ஆயிலு. பொழச்ச, போ."

இஞ்சினை ஓடவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ஒவ்வொரு சொட்டுக்கும் நான் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். பிறகு சோதனைக்கென்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் முனகாமல் மேடேறியது. நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் ஆபீஸ் வாசலில் நின்றோம். முதலாளி வெளியே வந்தார்.

"என்ன மேஸ்திரி, இவன் என்ன பண்ணித் தொலச்சான்?"

ஸ்டீயரிங் என் வியர்வையில் வழுக்கியது.

"ஆயில் கம்மி சாமி. பழைய வண்டி, எறங்கத்தான் செய்யும்."

முதலாளி ஏறி உட்கார்ந்தார். அந்தக் காரை நான் ஆறு வருஷம் ஓட்டினேன்.