கேட்பதற்கு முன்பே மறுப்பவர்

தப்புச் செய்துவிட்டு இல்லை என்பவர்கள் உண்டு. அது பழைய ரகம். அவர்களுக்கென்று நீதிமன்றங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே சொல்ல வந்தது வேறு ரகம். இவர் தப்பே செய்திருக்க மாட்டார், யாரும் எதுவும் கேட்டிருக்கவும் மாட்டார்கள், ஆனாலும் வாசலில் வந்து நின்றுகொண்டு 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பார். எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஒயின் தொழிலில் விளைச்சல் கொஞ்சம் கூடுதல்.

உதாரணத்துக்கு ஓர் ஒயின் ஆலை முதலாளியைப் பாருங்கள். சொந்த ஆலை, நல்ல சரக்கு, கை சுத்தம். அறுவடை நெருங்கிவிட்டது. தோட்டத்தில் திராட்சை பழுத்துத் தொங்க, ஆலையிலோ தொட்டிகள் அத்தனையும் போன வருஷத்து ஒயினால் நிரம்பி நின்றன. அதை ஒரு பெரிய ஹோட்டல்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் எடுத்தால் தொட்டி காலியாகும், புதுச் சாறு உள்ளே போகும். எடுக்காவிட்டால் பழம் கொடியிலேயே அழுக வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேட்டு ஆலையில் ஒரு கோளாறு. பாட்டில்களைச் சரியாக அலசாததில், கழுவும் மருந்தின் வாடை ஒயினில் ஏறிவிட்டது. செய்தித்தாளின் உள்பக்கத்தில், காணாமல் போன நாய்க்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு செய்தி. மேட்டுக்காரர் 'தப்பு எங்களுடையதுதான்' என்று சொல்லி அந்தப் பாட்டில்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டு, வெளியே தலைகாட்டாமல் ஆலையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். முடிய விடுவாரா நம்மவர்?

மறுநாள் காலை அவர் வீட்டு கேட்டில் ஆள் உயரப் பலகை தொங்கியது: 'எங்கள் ஒயினில் கழுவும் மருந்து இல்லை.'

"இருக்குன்னு யாரு சொன்னா?" என்றாள் மனைவி.

"யாரும் சொல்லல. சொல்லிடக் கூடாதுல்ல."

"சும்மா கெடக்குற சங்க எதுக்கு ஊதிக் கெடுக்குறீங்க?"

"உனக்கு வியாபாரம் தெரியாது" என்றவர், வியாபாரம் தெரிந்தவராக ஹோட்டல்காரருக்குப் போன் போட்டார்.

"சார், நம்ம சரக்குல மருந்து வாடை சுத்தமா கிடையாது."

"என்ன மருந்து?" என்றார் ஹோட்டல்காரர். பாவம், விளையாட்டுப் பக்கம் மட்டும் படிப்பவர்.

நம்மவர் விளக்கினார். அது என்ன மருந்து, வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும், எவ்வளவு கலந்தால் நாக்குக்குத் தெரியாது என்று ஒன்று விடாமல் விளக்கினார். கடைசியில் மறுமுனை, "எதுக்கும் ஒரு தடவ சோதனைக்கு அனுப்பிட்டு அப்புறம் பேசலாமே" என்றது.

அவ்வளவுதான், நம்மவருக்குச் சூடு பிடித்துவிட்டது. பாட்டிலுக்குப் பாட்டில் 'மருந்து கலக்காதது' என்று லேபிள் ஒட்டினார். ருசி பார்க்க வந்தவர்களிடம் கிளாஸை நீட்டும்போதே "பயப்படாம குடிங்க" என்றார். அப்படிச் சொன்ன பிறகு எவன் குடிப்பான்? லேபிளைப் பார்த்த பாட்டில் கம்பெனி, பழி நம் தலையில் விழுந்துவிடுமே என்று 'எங்கள் பாட்டில்கள் சுத்தமானவை' என அறிக்கை விட்டது. அதைப் படித்துவிட்டுத் தக்கைக் கம்பெனி, 'தக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்றது. அதுவரை தக்கையை நினைத்தே பார்க்காதவர்கள் அதை மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தோட்டம் சுற்றிக்காட்டும் பஸ்காரர், தன் பஸ்ஸில் யாருக்கும் ஒயின் கொடுத்ததே இல்லை என்று தானாக வந்து சத்தியம் செய்துவிட்டு, இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஹோட்டல்காரர் கடைசியில் மேட்டு ஆலையில் வாங்கிவிட்டார். அங்கே கோளாறு பாட்டிலில்தானே, தொட்டி ஒயினுக்கு என்ன கேடு?

"அவரு தப்புன்னு ஒத்துக்கிட்டு கழுவிட்டாரு. நீங்க இல்ல இல்லன்னே சொல்லிட்டு இருக்கீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் போனில்.

நம்மவருக்கு அழுகையே வந்துவிட்டது. பழமோ இன்றைக்கா நாளைக்கா என்று நிற்கிறது. மனைவிதான் வழி சொன்னாள்.

"மேட்டுக்காரர் தொட்டியெல்லாம் இப்ப காலியாத்தான இருக்கு. நல்ல மனுஷன், கேட்டா குடுப்பாரு. போய் தொட்டி வேணும்னு மட்டும் கேளுங்க. வேற ஒரு வார்த்த பேசக் கூடாது."

மேடு ஏறுகிற வழியெல்லாம் 'தொட்டி, தொட்டி' என்று மனப்பாடம் செய்துகொண்டே போனார். மேட்டுக்காரர் கையில் பிரஷ்ஷோடு, வாய் நிறையச் சிரிப்போடு கதவைத் திறந்தார். அவருக்குப் பலகையும் தெரியாது, லேபிளும் தெரியாது.

"வாங்க வாங்க. அறுவடை நேரத்துல இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஏதாவது வேணுமா?"

"உங்களப் பத்தி நான் யார்கிட்டயும் தப்பா ஒரு வார்த்த சொல்லல" என்றார் நம்மவர்.

மேட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"யார்கிட்ட? என்ன சொன்னீங்க?"

நம்மவர் விளக்க ஆரம்பித்தார். கீழே தோட்டத்தில் பழம் அழுக ஆரம்பித்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'சேச்சே, நான் அந்த ரகமில்லை' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததே, இப்போது உங்களை யார் கேட்டார்கள்?