துரைக்கு எடை பார்த்த கதை

இந்த மாசி சிவராத்திரிக்கு, யார் குறுக்கே விழுந்து மறித்தாலும் கிடாவை வெட்டியே தீருவது என்று சுப்புராஜ் முடிவு கட்டிவிட்டார். எம்.ரெட்டியபட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற மனிதர். எரிந்துபோன எத்தனையோ மோட்டார்களை ஓட வைத்தவர். வீட்டில் அவர் பேச்சு மட்டும் ஓடாது.

குறுக்கே விழுந்து மறித்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி சண்முகவடிவுதான்.

கதை தண்ணீருக்குப் போர் போட்ட நாளில் ஆரம்பித்தது. குழாய் இறங்க இறங்கப் புழுதிதான் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விபூதி பூசிக்கொண்டதுபோல் வெளுத்துப் போனார்கள். சுப்புராஜ் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "கருப்பா! தண்ணியக் காட்டு. ஒனக்குக் கிடா வெட்டுறேன்!" என்று கத்தினார். கருப்பசாமி தண்ணீரைக் காட்டிவிட்டார். சுப்புராஜும் சந்தையில் ஒரு குட்டியைப் பிடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நேர்ந்துவிட்டார். அதுவரைக்கும் அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. அதை வளர்க்கச் சொல்லி வடிவிடம் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் மனிதர் சறுக்கினார்.

வடிவு அதற்குத் துரை என்று பேர் வைத்தாள். துரைக்கு அகத்திக்கீரை. துரைக்குக் கம்பு ஊற வைத்த தண்ணீர். மின்விசிறிக்குக் கீழே துரைக்குச் சாக்கு விரிப்பு. சுப்புராஜ் பழைய சோறு தின்றுவிட்டுக் கடைக்குப் போவார். ரெண்டு வருஷத்தில் துரை கன்னங்கரேல் என்று, ஒரு சின்னக் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"வடிவு, சிவராத்திரி வருது."

"வரட்டும்."

"துரைக்கு நாள் குறிச்சாச்சு."

"பொண்ணு எந்த ஊரு?"

"வெளாடாத புள்ள. நேந்துவிட்ட கிடா. குடுக்கலேன்னா சாமி கண்ணக் குத்தும்."

"ஒங்க கண்ணத்தான குத்தும்? நேந்தது நீகதான. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், கவலப்படாதீக."

சாமிக்குப் பயந்ததைவிட மச்சானுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். வடிவின் அண்ணன் காசிராஜனுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. நாலு பேர் நிற்கிற டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டார்: "மாப்ள, மல்லாங்கிணறுலருந்து திருச்சுழி வரைக்கும் நீ கை நனைக்காத கறி விருந்து கெடையாது. ஒன் வீட்டு எலையில நாங்க எப்பக் கை நனைக்கிறது?"

சுப்புராஜுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. உண்மை அதுதானே! அத்தனை வருஷமும் அடுத்தவன் கிடாவில் நல்லி உறிஞ்சியே வளர்ந்த உடம்பு. "சிவராத்திரிக்கு வாங்க மச்சான். எல்லாரும் வாங்க. எலும்பு கடிக்கப் பல்லு மட்டும் பத்திரமா வச்சிக்கங்க!" என்று டீக்கடை முழுவதையும் அழைத்துவிட்டார்.

"அம்புட்டுப் பேருக்கும் கறி காணுமா? கிடா எத்தன கிலோ நிக்கும்?"

"நாப்பதுக்கு மேல."

"ஏது, கொம்பையும் சேத்தா? முப்பதத் தாண்டாது மாப்ள. எல்லாம் மசுரு."

அன்றிலிருந்து சுப்புராஜுக்கு உறக்கம் போய்விட்டது. துரையை எடை போட்டே ஆக வேண்டும். பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினால் துரை குதித்துவிடும். தானே தூக்கிக்கொண்டு ரேஷன் கடை மெஷினில் ஏறலாம் என்று தூக்கிப் பார்த்ததில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில், தை மாதக் கடைசியில், பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் காலையிலிருந்து ரெண்டாவது தடவையாக அழுதுகொண்டே வந்தாள். புருஷன் சின்ன மீரான் துபாயில். இங்கே அவளுக்குத் துணை ரோஜா என்கிற வெள்ளாடு. நிறைசினை. குடல் புழு ரத்தத்தை உறிஞ்சி, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது.

"வடிவக்கா, இமைய விரிச்சுப் பாத்தா சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு. மருந்து குடுத்தாச்சாம். ஆனா ரத்தம் ஏத்தலேன்னா தாயும் தங்காது குட்டியும் தங்காதுன்னுட்டாக டாக்டரம்மா. தெடமான கிடா ஒண்ணு ரத்தம் குடுக்கணுமாம்."

"ஆடு ஆட்டுக்கு ரத்தம் குடுக்குமா?" என்றார் சுப்புராஜ். அவருக்கு அது புதுச் செய்தி.

"குடுக்குமாம்ண்ணே. கழுத்து நரம்புல எடுப்பாகளாம். குடுக்குற ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதாம்."

மும்தாஜ் துரையைப் பார்த்தாள். வடிவும் துரையைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, "வேணாம் மும்தாஜு. இது சாமிக்கு நேந்துவிட்ட உசுரு. இவுக சம்மதிக்க மாட்டாக. கேக்காத" என்றாள்.

"அதான!" என்றார் சுப்புராஜ்.

"அதுலயும் அங்க சும்மா எடுத்துற மாட்டாக. மொதல்ல பெரிய மெஷின்ல ஏத்தி எட போடுவாகளாம். கிராம் சுத்தமாக் காட்டுமாம். அதெல்லாம் நமக்கெதுக்கு? நீ வேற எடம் பாரு" என்றாள் வடிவு.

சுப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ன பேசுற நீ? ஒரு வாயில்லா ஜீவன் சாகக் கெடக்கு. சாமி பேரச் சொல்லிக் கைய விரிக்கவா? கருப்பசாமி என்ன கல்நெஞ்சக்காரனா? தங்கச்சி, அழாத. நான் இருக்கேன்!"

"வேணாங்க."

"பேசாத. இந்த வீட்டுல முடிவெடுக்கிறது நானு."

மோட்டார் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் ரோஜாவையும் துரையையும் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சுகப்பிரியா துரையின் வாயைப் பார்த்தார், நெஞ்சில் கேட்டுப் பார்த்தார், இமையை விரித்துப் பார்த்தார். பிறகு மெஷினில் ஏற்றினார். நாற்பத்திரண்டு கிலோ!

சுப்புராஜ் அந்த இடத்திலேயே காசிராஜனுக்குப் போன் போட்டார். "மச்சான், நாப்பத்திரெண்டு! பாதிக்குப் பாதி கறி விழுந்தாலும் இருபத்தோரு கிலோ! கேக்குதா?" ரோஜா ஒரு பக்கம் சாகக் கிடக்கிறது, இந்த மனிதர் குழம்புக்குக் கணக்குப் போடுகிறார். மும்தாஜுக்கு ஒன்றும் புரியவில்லை. வடிவுக்கு எல்லாம் புரிந்தது. அவள் துரையின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

துரையின் கழுத்தில் ஒரு கை அகலத்துக்கு முடியை மழித்தார்கள். "தலையப் பிடிச்சுக்கங்க சார்" என்றார் டாக்டர். ஊசி இறங்கியது. துரை ஒரு தடவை "ம்ம்" என்றதோடு சரி, அசை போட ஆரம்பித்துவிட்டது. ரத்தம் குழாய் வழியே இறங்கிப் பையில் நிறைந்தது. அதைப் பார்த்த சுப்புராஜுக்குக் காதுக்குள் வண்டு பறந்தது. சுவர் சாய்ந்தது. கண் விழித்தபோது ரோஜாவுக்குப் பக்கத்தில் கிடந்தார்.

"கிடாவுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டர். "ஒங்களுக்குத்தான் சோடா வாங்கி வரச் சொல்லியிருக்கேன்."

ரோஜா மறுநாள் எழுந்து நின்றது. அடுத்த வாரம் இரட்டைக் குட்டி போட்டது. மும்தாஜ் ஒரு சட்டி நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே" என்று கண் கலங்கினாள். சுப்புராஜுக்கே நெஞ்சு கொஞ்சம் இளகிவிட்டது. ஆனால் நெய்ச்சோற்றுக்கு ஆட்டுக் குழம்பு இருந்தால் எப்படி இருக்கும் என்று நாக்கு நினைத்ததும் நெஞ்சு பழையபடி இறுகிக்கொண்டது.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு வடிவு சண்டையே போடவில்லை.

"சிவராத்திரிக்குத் துரையக் குளிப்பாட்டவா?"

"குளிப்பாட்டு, குளிப்பாட்டு."

"மாலை வாங்கிட்டீகளா?"

"சொல்லியாச்சு." பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்று சுப்புராஜ் மீசையை முறுக்கிக்கொண்டார். அதுவரை அந்த மீசையை அவர் முகம் துடைக்கும்போது மட்டும்தான் தொடுவார்.

சிவராத்திரி கழிந்த மறுநாள், கருப்பசாமி கோயிலில் ஜனம் கூடிவிட்டது. டீக்கடையே வந்து உட்கார்ந்திருந்தது. மசாலா அரைத்தாயிற்று. அண்டா ஏறிவிட்டது. துரை குளித்து, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றது. பூசாரி மருதுபாண்டி இலை விரித்து, பொங்கலும் வடையும் பழமும் வைத்தார். வாசனை தாங்காமல் காசிராஜன் இலையில் இருந்து ஒரு வடையை எடுத்து வாயில் போடப் போனார்.

சுப்புராஜுக்கு டீக்கடையில் வாங்கிய குத்தின் கோபம். விடுவாரா?

"மச்சான்! வைய்யி வடைய! சாமிக்கு வச்ச பண்டத்துல மத்தவுக வாய் வச்சா எச்சி. எச்சியச் சாமிக்குப் படைக்கலாமா? எங்க வீட்டுல பொங்கலுக்கு உப்புக்கூடப் பாக்க விடமாட்டேன். தெரியுமா?"

"இவுக சொல்றது நெசந்தாண்ணே. வச்சிரு" என்றாள் வடிவு. பிறகு பூசாரி பக்கம் திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "சாமி, அப்பத் துரை?"

"துரைக்கென்ன?" என்றார் சுப்புராஜ்.

"சாமிக்குன்னு நேந்த ரத்தத்துல ரோஜா பங்கு எடுத்துக்கிருச்சே. ரோஜா குடிச்ச மிச்சத்தையா அய்யனுக்குக் குடுப்பீக?"

பூசாரி துரையின் மாலையை விலக்கினார். மழித்த இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. "அப்ப நெசமாவே குடுத்துட்டீகளா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சுப்புராஜ் மாலையை இழுத்து அந்த இடத்தை மூடினார். "பூசாரி, அது ஒடம்புல திரும்ப ஊறியிருக்கும். டாக்டரம்மாவே சொன்னாக."

"படையல் பாயசத்துல ஒருத்தன் ஒரு கரண்டி குடிச்சிட்டு, மேல பால ஊத்தி நெரப்பி வைக்கிறான். அது சாமிக்கு ஆகுமாய்யா?"

"ஆகாது!" என்றது டீக்கடை ஒரே குரலில். காசிராஜனின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"அப்ப வேற கிடா வாங்கிட்டு வாரேன்."

"மஞ்சத் தண்ணி தெளிச்சு நேந்தது இதத்தான? இனி இது கோயில் கிடா. இதுமேல கத்தி படக்கூடாது. காலம் பூரா நேந்தவுகதான் வச்சுக் காப்பாத்தணும். படையலுக்குப் பூசணிக்கா வெட்டிருவோம்." பூசாரி பெருமூச்சு விட்டார். "தை மாசமே ஒம்ம வீட்டம்மா வந்து, ரத்தம் குடுத்த கிடா படையலுக்கு ஆகுமான்னு கேட்டுச்சே. ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனேன். ஒம்மகிட்டச் சொல்லலையா?"

சுப்புராஜ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் வேணாம் வேணாம்னுதான சொன்னேன்?" என்றாள் வடிவு. "வீட்டுல முடிவெடுக்கிறது நீகன்னுட்டீக."

கறிக்கு அரைத்த மசாலாவில் பூசணிக்காய் வெந்தது. அன்று அந்த ஜனம் சுப்புராஜின் ஏழு தலைமுறையையும் நினைத்துக்கொண்டே சாப்பிட்டது. காசிராஜன் ஒரு பூசணித் துண்டை எடுத்து, "நல்லி ரொம்ப மெதுவா இருக்கு மாப்ள" என்று உறிஞ்சிக் காட்டினார்.

சித்திரை பிறந்தது. துரை அடுத்த தடவை ரத்தம் கொடுக்க டாக்டர் சொல்லியிருந்த இடைவெளி தாண்டிவிட்டது. ஒரு மத்தியானம், சுப்புராஜ் பழைய சோற்றில் கை வைக்கிற நேரம், போன் அடித்தது.

"ஹலோ, துரை வீடுங்களா?"

"இது சுப்புராஜ் வீடு. மோட்டார் காயில் கட்டுற..."

"மோட்டாரெல்லாம் நல்லாத்தான் ஓடுது. காரியாபட்டியிலருந்து பேசுறோம். எங்க ஆடு கெடையாக் கெடக்கு. டாக்டரம்மாதான் துரையக் கூப்பிடச் சொல்லி இந்த நம்பரக் குடுத்தாக. நீங்க யாரு பேசுறது?"

வாசலில் வடிவு துரையைக் குட்டியானையில் ஏற்றி, வெயில் படாமல் தார்ப்பாயும் கட்டி முடித்து, சாவியை அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவளிடம் முன்கூட்டியே பேசிவிட்டார் போலிருக்கிறது. சுப்புராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"துரையோட டிரைவர் பேசுறேங்க."