கொலுப்படிக்கு அடியில் பட்டினி கிடந்த புழுக்கள்

புழுவுக்காகக் கண்ணீர் விட்ட ஆம்பளை இந்தக் கல்கத்தா முழுக்கத் தேடினாலும் ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பேர் எதுவாயிருந்தால் என்ன, தெருவுக்கே அவர் புழு டாக்டர்.

யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. நகத்துண்டு மாதிரி தட்டையாக ஒரு தண்ணீர்ப் புழு. தலையை வெட்டினால் புதுத் தலை முளைக்குமாம். உடம்பு பூரா ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம், அதுதான் கண்ணாகவும் மூளையாகவும் மாறுமாம். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். ஆனாலும் உடனே புரிந்தது. ஒரே மாவில் இட்லியும் தோசையும் வார்க்கிறவளுக்கு இதில் என்ன அதிசயம்?

ஒரு பூஜை லீவில் யுனிவர்சிட்டிக் கட்டிடத்தைப் பூட்டி ஏசியை அணைத்துவிட்டார்கள். மாடியோ வெயிலில் கொதிக்கும். மூன்று வருஷ உழைப்பை எட்டு டப்பாவில் ஏந்திக்கொண்டு டாக்டர் என் வாசலில் நின்றார்.

"மாமி, உங்க வீட்டுல இருட்டா, குளிர்ச்சியா, யாரும் கை வைக்காத இடம் எது?"

"கொலுப்படிக்கு அடியில."

வேட்டி போர்த்திய படிக்குள் அடுக்கினார். எல்லாம் தலை வெட்டின புழு. ஏழாம் நாள் கண் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷமும் பாழ்.

"இதுகளுக்குச் சாப்பாடு?"

"கோழி ஈரல்."

"என் வீட்டிலேயா?"

"இப்போ இல்லே மாமி. தலை முளைக்கிற வரைக்கும் பட்டினிதான்."

நவராத்திரிக்கு விரதம் இருக்கிற புழு. எனக்குப் பரம திருப்தி.

சுண்டலுக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். டாக்டர் படியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மெதுவா பாடுங்க, தண்ணி அதிருது" என்பார். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, அவர்கள் பாஷையில் பௌதி, குனிந்து பார்த்து, "இது எந்த சாமி, தாதா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"இன்னும் தலை வரலை, பௌதி."

ஐந்தாம் நாள் மரப்பாச்சியை நகர்த்தப் போய் என் கால் பட்டு ஒரு டப்பா சாய்ந்தது. புழுக்கள் தப்பின, தண்ணீர் பாதி தரையில். குழாய்த் தண்ணீர் அதுகளுக்கு விஷம் என்று சொல்லியிருந்தார். பூஜைச் சொம்பிலிருந்து கங்கா ஜலம் விட்டேன். செய்ததை மறைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. டாக்டர் வந்ததும் சொன்னேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எவ்வளவு விட்டீங்க மாமி?"

"ரெண்டு கை."

"ரெண்டு கைன்னா எத்தனை மில்லி?"

"என் கைக்கு ரெண்டு."

மாடிக்கு ஓடி அளவுக் குழாயை எடுத்துவந்தார். என் கையைக் குவிக்கச் சொல்லி, பத்துத் தடவை தண்ணீர் ஊற்றி அளந்து, நோட்டில் எழுதினார்: 'மாமி கை, வலது, சராசரி.'

ஏழாம் நாள் லென்ஸோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. நானும் பார்த்தேன். கடுகில் பாதி தலை, அதில் மாறுகண்ணாக இரண்டு புள்ளி.

"கங்கை பண்ணின வேலைதானே?"

"எல்லா டப்பாவிலும் வந்திருக்கு, மாமி. அது புழுவோட குணம்."

"அப்போ என் கை?"

நோட்டைப் புரட்டி 'மாமி கை' பக்கத்தைப் பார்த்தார். "கெடுக்கலை."

அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

இப்போது வேறு ஊரில் இருக்கிறார். கொலு வைக்கிற அன்று போன் வரும். "படிக்கு அடியில என்ன வெச்சிருக்கீங்க மாமி?"

பழைய பாத்திரமெல்லாம் வைக்கலாம், நல்ல இடம். நான் ஒன்றும் வைப்பதில்லை.