வாலை ஜாமீன் வைத்துப் படிக்கப் போன பல்லி

ஒரு காட்டில், காட்டிலாகாவின் பழைய பயணியர் விடுதிச் சுவரில், ஒரு பல்லிக் குடும்பம் வசித்து வந்தது. அந்தக் காட்டுக்கும் சிங்கம்தான் ராஜா. ஆனால் இந்தக் கதையில் அது வராது. மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போயிருக்கிறது.

பல்லிக் குடும்பத்தின் தலைவர் கௌளியப்பர். குறி சொல்வது தொழில். காட்டில் யாருக்கு என்ன காரியம் ஆகவேண்டும் என்றாலும் அவருடைய சுவருக்குக் கீழே வந்து நின்று மனசுக்குள் நினைத்துக்கொள்ளும். அவர் 'ச்சு... ச்சு...' என்றால் காரியம் ஜெயம். கிழக்கு மூலையிலிருந்து சொன்னால் இன்னும் விசேஷம். பேசாமல் இருந்தால் வேறு நாள் வரவேண்டியதுதான். முயலுக்கு ரேஷன் கார்டு கிடைக்குமா, கரடிக்கு மூலம் சரியாகுமா எல்லாம் அங்கேதான் முடிவாகும். அவர் மனைவி செண்பகவல்லி. ஒரே மகன் பிரசன்னா.

பிரசன்னா பிறந்ததிலிருந்து பார்த்தது ஒரு சுவர், ஒரு டியூப்லைட், 'புகை பிடிக்காதீர்' என்று ஒரு போர்டு. அந்தப் போர்டை ஆயிரம் தடவை படித்து முடித்தவனுக்கு, விடுதியில் யாரோ விட்டுப்போன காலண்டரில் பனித்தேசத்தின் படம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

"அப்பா, நான் பனித்தேசம் போய் மேல்படிப்பு படிக்கப் போறேன்."

"என்ன படிப்பு?"

"சுவர் மேலாண்மை."

"பொறந்ததுல இருந்து சுவத்துலதானேடா இருக்கிறே?"

"அது அனுபவம்ப்பா. அதுக்கு சர்டிபிகேட் கிடையாது."

கௌளியப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செண்பகவல்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் உண்டு, பச்சோந்தி. வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம் நடத்தி வந்தார். எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறாரோ அந்த நாட்டுக் கொடியின் நிறத்துக்கு மாறிவிடுவார். பிரசன்னா பனித்தேசம் என்றதும் வெள்ளைவெளேர் என்று ஆகி, ஒரு படிவத்தை நீட்டினார். பதிமூன்று கட்டம் வரை பேர், ஊர், கால்களின் எண்ணிக்கை என்று போயிற்று. பதினான்காவது கட்டத்தில் பேனா நின்றது. 'படிப்பு முடிந்ததும் சொந்தக் காட்டுக்குத் திரும்பி வருவீர் என்பதற்கு ஆதாரம்.'

"நிலம் இருக்குதா மாப்ள?" என்றார் பச்சோந்தி மாமா.

"இல்ல மாமா."

"வீடு?"

"சுவரு காட்டிலாகாவோடது."

"நிச்சயம் பண்ணுன பொண்ணு?"

பிரசன்னா வெட்கப்பட்டான். வெட்கத்தைத் தூதரகத்தில் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மாமா சொல்லிவிட்டார். "மானுக்குப் புல்வெளிப் பட்டா இருந்துச்சு. முயலு தம்பி தங்கச்சி நாப்பது பேரை நிக்க வெச்சு போட்டோ எடுத்துக் குடுத்துச்சு. உங்கிட்ட என்ன இருக்குது? சரி விடு, நேர்காணல்ல ஏதாச்சும் சொல்லிச் சமாளி."

இதற்கு நாம் ஏன் ஆலோசனைக் கட்டணம் கொடுத்தோம் என்று பிரசன்னா கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

நேர்காணலுக்குப் புறப்படும் காலையில் செண்பகவல்லி கணவரிடம் கெஞ்சினாள். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நம்ம பையனுக்கு ஒரு வாட்டி சொல்லுங்களேன்."

"சொந்த வீட்டுக்குச் சொன்னா பலிக்காது."

"பலிக்காட்டிப் போகுது. சும்மா ஒரு 'ச்சு'."

கௌளியப்பர் அந்த ஒரு 'ச்சு'கூடச் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்றார். பையனை அனுப்ப அவருக்கு மனசில்லை என்பது சுவரில் ஊர்ந்த எறும்புக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பனித்தேசத்துத் தூதரகத்தில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கரடி அம்மையார் உட்கார்ந்திருந்தார். முன்னால் போன நரி அழுதுகொண்டே வெளியே வந்தது. பிரசன்னா கவுன்ட்டர்மேல் ஏறி நின்றான்.

"நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?"

பிரசன்னா மாமா சொல்லிக் கொடுத்ததை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மாமா ஒன்றும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பல்லிக்குப் பயம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வால் பட்டென்று கழன்று கவுன்ட்டர்மேல் விழுந்து துள்ளியது.

அம்மையார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "இது என்ன?"

பயந்தவனுக்குச் சில சமயம் வாயில் சரஸ்வதி வந்து உட்காருவாள். "என் வாலுங்க மேடம். இதை இங்கேயே விட்டுட்டுப் போறேன். சொந்த வாலை விட்டுட்டு யாராவது வராம இருப்பாங்களா?"

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. பனித்தேசத்தில் பல்லி கிடையாது. பல்லி வால் மறுபடி முளைக்கும் என்று அங்கே எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. "எத்தனையோ பேர் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். தன் உடம்பையே வைத்தவன் நீ ஒருவன்தான்" என்று சொல்லி, கடவுச்சீட்டில் ஒரு முத்திரை, வாலில் ஒரு முத்திரை குத்தினார். வாலைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்ட வேண்டும், பையன் திரும்பிய அன்றே தூதரகத்தில் ஒப்படைத்துக் கோப்பை முடிக்க வேண்டும் என்று ரசீதில் எழுதியிருந்தது.

அறுந்த வால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுமே என்று அறிவியல் படித்தவர்கள் கேட்கலாம். இது அரசாங்க முத்திரை பட்ட வால். அனுமதி இல்லாமல் அடங்காது.

புறப்படும் நாளன்று செண்பகவல்லி ஈசல் பொடி, கொசு வற்றல், கரப்பான் தொக்கு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். எடை கூடிப்போய், விமான நாரை தொக்கைக் கீழே வைக்கச் சொன்னது. பிரசன்னா எடுத்திருந்தது இருப்பதிலேயே மலிவான டிக்கெட். மூன்று நாரை மாறி, கடைசி நாரையின் காலைப் பிடித்து நின்றுகொண்டே போகவேண்டும்.

"வாலுக்காகவாவது வந்துருவியல்ல கண்ணு?"

"வாலில்லாம நான் எங்கேம்மா போவேன்? ரெண்டே வருஷம்."

சொன்னபோது அவன் மனசாரத்தான் சொன்னான்.

பனித்தேசத்தில் பூச்சியே கிடையாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. காலண்டர் படத்திலும் தெரியவில்லை. கடையில் உறைய வைத்த கொசு பாக்கெட்டில் கிடைத்தது. நாளையோடு காலாவதி ஆகும் பாக்கெட்டைச் சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அதற்குப் போய் நின்றால் வகுப்பில் இருக்கிற எல்லோரும் அங்கே நிற்பார்கள், பேராசிரியர் உட்பட. எட்டுப் பிள்ளைகள் ஓர் அறையில். அந்த அறையில் சூடான பொருள் வைஃபை பெட்டி ஒன்றுதான். அதன் முதுகில் முறை வைத்துப் படுத்தார்கள். படித்த நேரம் போக ஓர் ஓட்டலில் தட்டு கழுவினான். வீட்டில் ஒரு தட்டைக்கூட நகர்த்தாதவன்.

ஆனால் ஊர் சுற்றினான், அதைச் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் பேருந்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஐந்து நாளில் ஏழு நாடு. தங்க அறை தேடவில்லை, பேருந்து நிலையச் சுவர்கள் ஓசிதானே. போட்டோக்களை வீட்டுக்கு அனுப்பினான். செண்பகவல்லி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் சுவருதானே கண்ணு இருக்குது?" என்றாள். அவனும் எடுத்துப் பார்த்தான். ஆமாம், ஏழு நாட்டுச் சுவர்.

மூன்றாம் மாதம் பின்னால் ஏதோ உறுத்தியது. பரு என்று நினைத்தான். புது வால். அன்றிலிருந்து வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டினான். அந்தப் பக்கம் செண்பகவல்லி பழைய வாலை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் வைத்து, "பாரு, உன்னையப் பாத்ததும் எப்படித் துள்ளுது!" என்பாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இருந்தாலும் சொல்லவில்லை.

வீட்டிலும் சில விஷயங்களை அவனிடம் சொல்லவில்லை.

முதலில் வாலை ஒரு மூலையில்தான் வைத்திருந்தார்கள். பிறகு செண்பகவல்லி அதற்கு ஒரு விட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பிரசன்னா இருந்த இடத்திலேயே அதைப் படுக்க வைத்தாள். அது எதிர்த்துப் பேசவில்லை, வைத்த இடத்தில் இருந்தது, கூப்பிட்டால் ஆடியது. ஒருநாள் கீழே நின்ற காட்டுப்பன்றி ஏதோ நினைத்துக்கொண்டபோது வால் வலப்பக்கம் ஆடியது. அன்றைக்கே காரியம் பலித்தது. வெளிநாட்டு முத்திரை பட்ட வால் குறி சொல்கிறது என்று காடெல்லாம் பேச்சு. கௌளியப்பர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கத் தொடங்கினார்.

அடுத்த அறைச் சுவரிலிருந்து சம்பந்தமும் வந்தது. பெண்ணின் தகப்பனார் வாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடக்கமான பையன். ஊர் சுத்தற பழக்கம் இல்ல. முத்திரை வேற இருக்குது" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் முடிந்தது. சுவர் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பனித்தேசத்தில் சுவர்களை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பிரசன்னாவுக்கும் வீட்டு ஞாபகம் தாங்கவில்லை. அம்மா கையால் ஒரு விட்டில் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, மூன்று நாரை மாறி, விடுதிச் சுவரில் ஏறினான். கீழே காட்டு விலங்குகள் டோக்கனோடு வரிசையில் நின்றன.

"அம்மா!"

செண்பகவல்லி ஓடி வந்து அவன் முகத்தைத் தடவினாள். எலும்பும் தோலுமாகப் போயிட்டியே என்று அழுதாள். அப்புறம் அவன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"வாலு முளைச்சிருச்சா?"

"மூணாவது மாசமேம்மா. உங்கிட்டச் சொல்ல மனசு வரல."

அவள் ஒரு விட்டிலை எடுத்து வந்தாள். பாதியை அவனிடம் கொடுத்தாள். மறுபாதியை வாலுக்கு வைத்தாள்.

"வர்ற புதன்கிழமை நிச்சயதார்த்தம் கண்ணு."

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன் பேர்லதான் பத்திரிகை அடிச்சிருக்குது. ஆனா அவங்க பாத்தது..." என்று வாலைப் பார்த்தாள். "நீ வந்துட்டது தெரிஞ்சா தூதரகத்துல வாலைத் திருப்பிக் கேப்பாங்க. ரசீதுல போட்டிருக்குது."

"குடுத்துருங்கம்மா. அதான் நானே வந்துட்டேனே."

கௌளியப்பர் டோக்கன் கட்டைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான்தாம்மா பிரசன்னா."

"தெரியுது சாமி. உன்னைய வர வெக்கத்தான் அதை வெச்சிருந்தோம். ரெண்டு வருஷமாப் பாத்துப் பாத்து, அதோடயே பழகிப்போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு படிப்பு ஏதாச்சும் படியேன். மாமாகிட்டச் சொன்னா பாத்துக்குவாரு."

பிரசன்னா அப்பாவைப் பார்த்தான். அன்றைக்குப் போகவிட மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டவர் அவர்தான். இன்றைக்கு ஒரு வார்த்தை இருடா என்று சொன்னால் போதும், இந்தச் சுவரிலேயே கடைசி வரை இருந்துவிடலாம் என்று நினைத்தான்.

"ஏனுங்க," என்றாள் செண்பகவல்லி, "பையன் மறுபடி போலாமான்னு ஒரு வாட்டி..."

அவள் கேட்டு முடிக்கவில்லை. கௌளியப்பர் விறுவிறுவென்று கிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ச்சு... ச்சு..."

வால் வலப்பக்கம் ஆடியது.

நீதி: திரும்பி வருவதற்கு உத்தரவாதமாக வீட்டில் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். அது உங்களைவிட நல்ல பிள்ளையாக இருந்துவிடும்.