டோசர் இழுத்த சைக்கிள்

இந்தக் கல்யாண நாளில் அன்புக்கரசியைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து டவுன்ஷிப்பைச் சுற்றிக் காட்டியே தீருவதென்று செங்குட்டுவன் சபதம் எடுத்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அப்படித்தான் சுற்றினார்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்து, முகமெல்லாம் நிலக்கரித் தூசியோடு வருவார். அவள் கேரியரில் ஏறி அவர் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். ஷிஃப்ட் சங்கு ஊதும். ரோட்டோர மரங்களெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்காகவே நட்டது மாதிரி இருக்கும்.

சைக்கிள் இன்னும் அதேதான். செங்குட்டுவன்தான் மாறிவிட்டார். பழைய சாமான் கடை வந்தது. தொப்பை வந்தது. சர்க்கரையும் வந்தது. நாலு மிதி மிதித்தால் நாக்குத் தள்ளியது.

அதற்குத்தான் டோசர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த குடும்பத்திடம் பீரோ வாங்கப் போனவர், பேசிய பேரத்தில் அவர்கள் நாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். புல்டோசர் மாதிரி இழுக்கிற நாய்.

முதல் நாள் நாயின் கழுத்திலிருந்து கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டினார். டோசர் ஓர் அணிலைப் பார்த்தது. செங்குட்டுவன் ஒரு சாக்கடையைப் பார்த்தார்.

"நாய் சரியில்ல," என்றார், முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே.

"கழுத்துல கயிறு, ஹேண்டில்ல முடிச்சு, மண்டையில ஒண்ணும் இல்ல. இதுல நாய் என்னா பண்ணும்?" என்றாள் அன்புக்கரசி. "நானும் ஃபோன்ல பாத்துக்கினுதான் இருக்கேன். நாய்க்கு நெஞ்சுல பெல்ட் போடுறாங்க. கயிறு சக்கரத்துல சிக்காம முன்னால ஒரு குழாயை நீட்டி அதுல கட்டுறாங்க. தார் சுடறதுக்கு முன்ன காலையிலயே கிளம்புறாங்க. தலையில ஹெல்மெட்டு."

"எல்லாம் சரி. ஹெல்மெட்டு மட்டும் வேணாம்."

"அப்ப கேரியர்ல நானும் வேணாம்."

மைன்ஸ் காலத்து மஞ்சள் ஹெல்மெட் பரணிலிருந்து இறங்கியது.

"இன்னொண்ணு. முன்னால ஆள் ஓடினாதான் நாய் நேரா வரப் பழகும். நீங்க ஓடுங்க. நான் சைக்கிள்ல குந்தி பிரேக்கைப் பாத்துக்கறேன். மூணு மாசம்."

"மூணு மாசமா? யார்கிட்ட பேசற? பதினஞ்சு நாள்!"

"ரெண்டு மாசம்."

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. இஷ்டம்னா சொல்லு, இல்லாட்டி வுடு!"

"என்னமோ போங்க. உங்ககிட்ட பேசி யார் ஜெயிக்கிறது?"

செங்குட்டுவன் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து முன்னால் செங்குட்டுவன் ஓடினார். பின்னால் டோசர். அதற்கும் பின்னால், மஞ்சள் ஹெல்மெட்டில் மகாராணி மாதிரி அன்புக்கரசி. எதிர் குவார்ட்டர்ஸ் பன்னீர்செல்வம் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்:

"என்னாண்ணே, இரட்டை மாட்டு வண்டியா?"

"பழக்கறேன்யா!"

"யாரு, யாரை?"

கல்யாண நாள் வந்தது. ஹெல்மெட் செங்குட்டுவன் தலைக்கு மாறியது. அன்புக்கரசி கேரியரில் ஏறிச் சட்டையைப் பிடித்தாள். "போடா டோசர்!" என்றார்.

டோசர் காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தது. திரும்பி அவரைப் பார்த்தது. 'நீ இங்கே என்ன பண்ணுகிறாய்?' என்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"ஏ புள்ள, நான் முன்னால ஓடினாதான் இது இழுக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"கயித்தை அவுத்துட்டு மிதிங்க."

"மூச்சு வாங்கும்."

"மாசம் பூரா ஓடினவருக்கா?"

மிதித்தார். வாங்கவில்லை. இன்னும் மிதித்தார். சங்கு ஊதியது. சட்டையைப் பிடித்த கை பழைய இடத்திலேயே இருந்தது.

"ஏங்க, சர்க்கரைக்கு ஒரு மாசம் காலையில நடந்து பாருங்கன்னு டாக்டர் சொன்னாரே? அவர்கிட்ட பேரம் பேசி, ஒரு நாள்கூட முடியாதுன்னு வந்தீங்களே?"

செங்குட்டுவனுக்குச் சுருக்கென்றது. "அப்ப மூணு மாசம்னு கேட்டது?"

"நீங்க ஒரு மாசத்துக்கு இறக்குவீங்கன்னுதான்."

கோபம் வந்தது. கத்துவதற்குத் திரும்பினால் சைக்கிள் சாயும். ரோட்டைப் பார்த்து மிதித்தார்.

பக்கத்தில் டோசர் கைவீசாத குறையாக ஓடி வந்தது. வண்டியை இழுக்க வேண்டியது யார் என்பதில் அதற்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.