ஞாயிறு பகல் டிவி போட வேண்டாம்

நியூயார்க்,
ஜூன் 20

அன்புத் தங்கை லவினியாவுக்கு,

உன் முழங்கால் வலியும் ஒஹையோ மழையும் ஒருசேரக் குறைந்திருக்கும் என்று நம்பி அண்ணன் எல்வுட் எழுதுவது. நான் நலம், இரத்த அழுத்தம் நீங்கலாக.

ஒரு சிறு வேண்டுகோள். வரும் ஞாயிறு பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை செய்திச் சானலைப் போடாதே. குறிப்பாகப் பன்னிரண்டு இருபதுக்கு. நீல நிறத் திறந்த கார் ஒன்று வரும். அதில் இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்காதே.

காரணம் சொல்லாமல் எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் பொய்யாக வந்தன. இங்கே தன்பால் ஈர்ப்பாளர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பிரைடு பேரணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அறுபத்தொன்பதில் அவர்கள் கூடும் ஒரு மதுக்கடைக்குள் போலீஸ் புகுந்தபோது எங்கள் ஆட்கள் ஓடாமல் எதிர்த்து நின்றார்கள். ('எங்கள்' என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.) மறு ஆண்டு அதை நினைத்து ஐம்பத்தொரு தெரு தூரம் நடந்தார்கள். அதுதான் முதல் பேரணி. நானும் நடந்தேன், சாலையில் அல்ல, நடைபாதையில், காய்கறிப் பையோடு, கடைக்குப் போகிறவன் போல. தெரிந்தால் வாத்தியார் வேலை போய்விடும், அப்பா வீட்டுக்குள் விடமாட்டார். முட்டைக்கோஸ் வாங்க எவனும் ஐம்பத்தொரு தெரு நடக்கமாட்டான் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

போன மாதம் முதியோர் மன்றத்தில் இதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பேரணிக் குழுவின் ரொவேனா பிடித்துக்கொண்டாள். முதல் பேரணிக்காரர்களில் பலரை எண்பதுகளில் எய்ட்ஸ் நோய் கொண்டுபோயிற்று, மிச்சமிருப்பவர்கள் முன் காரில் வரவேண்டும் என்றாள்.

"நான் நடைபாதையில போனவன்மா. என்னைச் சேக்கக் கூடாது."

"கடைசி வரைக்கும் போனீங்களா?"

"போனேன். திரும்பி வரப் பயமா இருந்துச்சு. பின்னாடி போலீஸ் நின்னாங்க."

"ரோட்டுல போனவங்களுக்கும் அதே பயந்தான் சார். நீங்க கார்ல ஏறுறீங்க."

சரி என்றுவிட்டேன். நடைபாதையில் போன அன்று பயப்பட வாத்தியார் வேலை இருந்தது, அப்பா இருந்தார். இன்று மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். நீயும் பேசாமல் போனால் ரத்த உறவென்று எனக்கு யாருமில்லை. ஆகவே பார்க்காதே. எல்லாம் முன்போலவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை ஹார்லனுக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
எல்வுட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஆமோஸ் படித்துவிட்டான். முப்பத்தெட்டு வருடமாக 'உன் அறைத்தோழர் நலமா' என்று விசாரிக்கிறாயே, அதே ஆமோஸ். "யோவ், அவ பாக்கக் கூடாதுன்னா எதுக்கு லெட்டர் போடுற? சும்மா விட்டா அவ பாட்டுக்கு சமையல் நிகழ்ச்சி பாத்துட்டுப் போயிடுவா," என்றான். அவன் சொல்வது சரி; கடிதத்தை மறுபடி விரித்து இதை எழுதுகிறேன். ஆகவே, பார். காரில் தேடாதே, கார் வேண்டாம் என்று ரொவேனாவிடம் சொல்லிவிட்டேன். ஆமோஸும் நானும் சாலை நடுவில் கைகோத்து நடந்து வருவோம். பொறுக்காவிட்டால் டிவியை அணைத்துவிடு. ஆனால் சாயங்காலம் ஒரு போன் போடு, திட்டுவதற்காவது.