வருசநாட்டு வேந்தனுக்கு ஒரு சிலை

பழைய கணினி விளையாட்டு ஒன்றுக்குப் புதிய சர்வர் திறந்தால் அதில் எல்லோரும் சமம் என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். இது பிழை. நாட்டில் புழங்கும் பிழைகளில் இதை முதல் பத்துக்குள் வைப்பேன். எல்லோரும் ஒரே நொடியில், முதல் லெவலில், கையில் ஒரே மாதிரியான மரக்கத்தியுடன் தொடங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கத்திதான் சமம். தலை சமமா?

என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பாண்டியராஜன். உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். இது வெளியுலகத்துக்கு. 2005 முதல் 2008 வரை, தேனியில் ஒரு பிரௌசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் நாற்காலியில், நான் வருசநாட்டு வேந்தன்.

விளையாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஏழு கோட்டை'. உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காட்டில் வேட்டையாடுவார்கள், படை சேர்ப்பார்கள், கோட்டை பிடிப்பார்கள். எந்தப் புதரில் எந்த மிருகம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை முளைக்கும் என்பது எனக்கு அத்துப்படி. நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதில்கூட எனக்கு அவ்வளவு தெளிவு கிடையாது. 2008 ஆவணியில் வேந்தன் ஓய்வுபெற்றான். காரணம், திருமணம்.

பதினேழு ஆண்டு கழித்து விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. புத்தம்புதிய சர்வர். பழைய பெருமை, பழைய ஆயுதம் எதுவும் செல்லாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. முதல் கோட்டையைப் பிடிக்கும் படையின் தலைவருக்கு, தொடக்க நகரத்துச் சதுக்கத்தில் நாற்பது அடி உயரத்தில் கற்சிலை. சர்வர் உள்ளவரை சிலையும் இருக்கும்.

எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வீட்டு வாசலில் இருப்பது 'தேவயானி இல்லம்'.

செவ்வாய்க்கிழமை மாலையே அழகுமலை போன் செய்தான். கடமலைக்குண்டில் உரக்கடை வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் நான்காம் நம்பர் நாற்காலி.

"ஏலே பாண்டி, பாத்தியா?"

"பாத்தேன்டா. சிலை!"

"ஒனக்கா எனக்கா?"

"நான் தலைவன். நீ தளபதி."

"தளபதிக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சிலையாச்சும் வைக்க மாட்டாகளா?"

"முதல்ல பெரிசு வரட்டும்."

சிலைக்கும் எனக்கும் நடுவில் ஒரே தடைதான் இருந்தது. அது சமையலறையில் நின்றுகொண்டிருந்தது.

"சனிக்கிழமை காலைல மாடித் தொட்டியக் கழுவணும்" என்றாள் தேவயானி. "மூணு வாரமாச் சொல்றேன்."

"சனிக்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு."

"என்ன சோலி?"

இங்கேதான் என் நுண்ணறிவைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கணவன் பொய் சொல்லியிருப்பான். நான் வரலாறு படித்தவன். எதிர்க்கட்சியை அடக்க முடியாதபோது அதை அமைச்சரவையில் சேர்த்துக்கொள்வார்கள்.

"நீயும் வாயேன். பிள்ளை லேப்டாப்பு சும்மாதான கிடக்கு. ரெண்டு பேருமாச் சேந்து விளையாடுவோம்."

எங்கள் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தேவயானி கரண்டியை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு என்ன வேசம்?"

"ஹீலர்."

"அப்பிடின்னா?"

"நான் முன்னால நின்னு அடி வாங்குவேன். நீ பின்னால நின்னு மருந்து போடணும்."

"பதினேழு வருசமா அதத்தான செஞ்சுக்கிட்டிருக்கேன். அதுக்கு எதுக்கு லேப்டாப்பு?"

"இதுல மருந்து போட்டா லெவல் ஏறும்."

"அப்ப சரி. இங்கன ஏறின பாடில்ல. ஒம்பதரைக்குள்ள தொட்டியக் கழுவிட்டு வாங்க, விளையாடுவோம்."

சிலையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அமைச்சரவை வேறு, அரண்மனை வேறு.

சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தொட்டி பளபளத்தது. போருக்குப் புறப்படுகிறவன் பூச்சூட வேண்டும் என்பது புறத்திணை மரபு. நான் ஹெட்போன் சூடினேன். பக்கத்து மேசையில் தேவயானி தன் பாத்திரத்துக்குப் 'பன்னீர்' என்று பெயர் வைத்தாள். எங்கள் தோட்டத்துத் திராட்சையின் பெயர். கையில் ஒரு குச்சி, பச்சைப் பாவாடை. என்னுடைய வேந்தன் மரக்கத்தியோடு முறைத்துக்கொண்டு நின்றான்.

ஒரு படையைத் தொடங்க நாற்பது கல்பன்றித் தோல் வேண்டும். கல்பன்றி உலகத்தில் ஒரே ஒரு மேட்டில்தான் முளைக்கும். அந்த இடம் பழையவர்களுக்கு மட்டுமே தெரியும். புதிய ஆட்கள் நகரத்து வாசலில் முயல் அடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் நேரே மேட்டுக்குப் போய்விட வேண்டும். இதுதான் என் போர்த்திட்டம். குறுக்குவழியாகக் காட்டுக்குள் ஓடி, பன்றிமேட்டில் ஏறினோம்.

அங்கே நானூறு பேர் நின்றார்கள்.

எல்லோரும் பழையவர்கள். அந்தச் சர்வரிலேயே புதிய ஆள் ஒருத்திதான். அவள் என் பின்னால் நின்றாள்.

"என்னங்க இது, வீரபாண்டித் திருவிழா மாதிரி இருக்கு?"

"எல்லாரும் விசயம் தெரிஞ்சவுக."

"விசயம் தெரிஞ்சவுக ஏன் ஒரே எடத்துல நிக்கிறாக?"

நான் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஐந்து பன்றி முளைக்கும். முளைத்த கணமே நானூறு கத்தி இறங்கும். பன்றி செத்ததா, யார் கொன்றார் என்று தெரிவதற்குள் அது கடைசியாக ஒரு விஷமூச்சு விடும். பக்கத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் விழுவார்கள். விழுந்தால் நகரத்திலிருந்து மறுபடி ஓடிவர வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் நான் பதினோரு முறை வீரமரணம் அடைந்தேன். ஒரு தோல்கூடக் கிடைக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அழகுமலை பதினான்கு என்றான், பெருமையாக.

"மருந்து போடு, மருந்து போடு!" என்று கத்தினேன்.

"போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். இத்தனை பேருக்கு எத்தனைன்னு போட? ஆமா, அம்புட்டுப் பேரும் கத்திய வச்சிருக்காகளே, என்னைய மாதிரி குச்சி வச்சவுக எங்க?"

தேடிப் பார்த்தோம். அவளையும் சேர்த்து ஏழு பேர். வீரர்கள் வைத்தியம் படிப்பதில்லை.

தேவயானி மௌசிலிருந்து கையை எடுத்தாள். "மோட்டாரு ரூம் சாவி" என்றாள்.

இதற்கு விளக்கம் தேவை. திராட்சைத் தோட்டம் என் மாமனார் அவளுக்கு எழுதிவைத்தது. அதன் தண்ணீர் ஒரு கூட்டுக் கிணற்றிலிருந்து வருகிறது. பன்னிரண்டு பங்குதாரர்கள், அவளுடைய பெரியப்பாவும் அதில் ஒருவர். ஒரே மோட்டார். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் பன்னிரண்டு பேரும் ஓடிவந்து சுவிட்சுக்கு முட்டிமோதுவார்கள். யாருக்கும் வரப்பு நனையாது. நான்கு கோடைக்கு முன்னால் தேவயானி மோட்டார் ரூமைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகினாள். யாருக்கு என்றைக்கு எந்த நேரம் முறை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். அந்த வாரம் முழுக்க அவளை ஏசினார்கள். அடுத்த வாரம் அவளைத் தலைவராக்கினார்கள்.

"மருந்து எங்க ஏழு பேரு கைலதான இருக்கு?" என்றாள் இப்போது. "அதான் சாவி. முறை வச்சிருவோம்."

"போர்க்களத்துல முறை வைக்கிற வழக்கம் கிடையாது தேவயானி. புறத்திணையில எங்கயுமே..."

"கிணத்துலயும் கிடையாதுன்னுதான் எங்க பெரியப்பா சொன்னாக. முறைக்கு இங்கிலீசுல என்ன?"

சொன்னேன். அவள் எல்லோரும் பார்க்கும் சாட்டில் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் தட்டினாள். வரிசையில் வரவும், ஆளுக்கு ஒரு முறை, முறை மீறினால் மருந்து இல்லை என்பது பொருள். மூன்றிலும் வினைச்சொல் இல்லை. நான் திருத்த வாயெடுப்பதற்குள் எண்டரைத் தட்டிவிட்டாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு திட்டினார்கள். ஆனால் காலையிலிருந்து வசவு வாங்கிக் களைத்திருந்த மற்ற ஆறு ஹீலர்களும் ஒவ்வொருவராக வந்து பன்னீர் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். பிரேசில்காரன் ஒருவன், ஆள் பெரிய ஆள், வரிசையை மதிக்காமல் பாய்ந்தான். பன்றி ஊதியது. ஏழு குச்சியும் அசையவில்லை. விழுந்தான். நகரத்திலிருந்து ஓடிவந்தான். மறுபடி பாய்ந்தான், மறுபடி விழுந்தான். மூன்றாம் முறை மெதுவாக நடந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றான்.

பத்து நிமிடத்தில் பன்றிமேட்டிலிருந்து காட்டு எல்லை வரை ஒரே வரிசை. ஐவர் ஐவராக வந்தார்கள், அடித்தார்கள், ஆளுக்கு இரண்டு தோல் எடுத்தார்கள், போனார்கள். அந்த விளையாட்டின் இருபது ஆண்டு வரலாற்றில் இப்படியொரு காட்சி கிடையாது. இதைக் கணவன் என்ற முறையில் சொல்லவில்லை. வரலாறு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஸ்பீக்கரில் அழகுமலை குரல் குழைந்தது. "தங்கச்சி, எனக்கு எப்ப முறை?"

"நீங்க அறுபத்தி மூணுண்ணே."

"கொஞ்சம் முன்னபின்ன பாத்து..."

"எங்க பெரியப்பாவுக்கே கிடையாதுண்ணே."

"சரித்தா, சரித்தா."

தளபதி அந்த இடத்திலேயே அணி மாறியதை நான் கவனிக்கவில்லை. எனக்கு வேறு கவலை.

"நான் எத்தனாவது?"

"நீங்க கடைசி."

"கடைசியா? நான் ஒன் புருசன்!"

"அதுக்குத்தான். வீட்டு ஆளு மொத முறைய எடுத்துக்கிட்டா ஊரு என்ன பேசும்?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தால், பன்னீரின் காலடியில் தோல் குவிந்து கிடந்தது. முறை முடிந்து போகிறவர்கள் ஆளுக்கொன்று வைத்துப் போயிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. என் வரலாற்று அறிவு மீண்டும் விழித்தது.

"தேவயானி, இத வச்சுப் படை தொடங்கலாம். ஆனா தலைவரு பதவிங்கிறது பெரிய தொந்தரவு. ஆளாளுக்குப் புகார் சொல்லுவாக. நாள் பூராம் பதில் சொல்லணும். தோட்டத்தையும் பாத்துக்கிட்டு ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு? அத நான் சுமக்கிறேன்."

"ஆமாங்க. நீங்களே சுமங்க."

நாற்பது தோலை எண்ணிக் கொடுத்தாள். 'வேந்தன் படை' பிறந்தது. இத்தனை எளிதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெருமையில் இருப்பவனுக்குச் சந்தேகம் வருவதில்லை.

முதல் அரைமணி நேரம் படையில் நான் ஒருவன்தான். அழைப்பு விட்டால், "பன்னீர் அக்கா இருக்காங்களா?" என்று உலகத்தின் பல மொழிகளில் கேட்டார்கள். பன்னீரைச் சேர்த்தேன். கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் முந்நூற்றுப் பதினான்கு பேர். பிரேசில்காரனும் வந்துவிட்டான். சிலைக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்பது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டைக்குப் புறப்படும் நேரம். படைச் சாட்டில் பன்னீர் ஒரு வரி எழுதியிருந்தாள். எங்கள் கிணற்றில் வருடாவருடம் கைதூக்கித்தான் தலைவரைப் போடுவோம், இங்கேயும் அப்படித்தானே என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அழகுமலை வாக்கெடுப்புக் கோரினான்.

ஐம்பது பேரைத் தாண்டிய படையில் யார் வேண்டுமானாலும் வாக்கெடுப்புக் கோரலாம் என்று விதி இருக்கிறது. எனக்கு அந்த விதி தெரியும். ஆனால் பழைய நாட்களில் என் படை ஒன்பது பேரைத் தாண்டியதில்லை என்பதால் அது நினைவில் நிற்கவில்லை.

பன்னீருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. வேந்தனுக்கு இரண்டு.

ஒன்று நான் போட்டது. இன்னொன்று யார்? நெகிழ்ந்துபோய் அழகுமலையிடம் கேட்டேன். "நீயாடா?"

"ஏலே, பொய் சொல்ல மாட்டேன். நான் தங்கச்சிக்குத்தான் போட்டேன்."

"நாந்தாங்க போட்டேன்" என்றாள் பக்கத்து மேசையிலிருந்து தேவயானி. "நீங்க ஒத்த ஓட்டோட நின்னா எனக்கில்ல அசிங்கம்."

"ஒனக்கு எதுக்குத் தேவயானி தலைவரு பதவி? தொந்தரவு புடிச்சது..."

"சிலை வைப்பாகளாம்ல?"

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"புதன்கிழமையே அழகுமலை அண்ணே போன் போட்டுச் சொன்னாக. தனக்கும் பக்கத்துல சின்னதா ஒண்ணு வாங்கித் தரச் சொன்னாக."

அன்று மாலை நான்கரைக்குக் கோட்டை விழுந்தது. வாசலை உடைப்பதற்கும் முறைதான். இருபது பேர் முன்னே போவது, கால்மணி நேரம் இடிப்பது, பின்னே வந்து மருந்து வாங்குவது. மற்ற படைகள் கத்தியோடு கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் அமைதியாக, வரிசையாக, உள்ளே போனோம். சதுக்கத்தில் கல் முளைத்து உயர்ந்ததை முந்நூற்றுப் பதினான்கு பேரும் அண்ணாந்து பார்த்தோம். நாற்பது அடி. பாவாடை மடிப்புகூடத் தெரிந்தது. கையில் குச்சி. யாரோ சாட்டில், இது யார் என்று கேட்டார்கள். என் மனைவி என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நான் எழுத்துப்பிழை பார்க்காமல் அனுப்பினேன். கூட்டம் விலகி எனக்குச் சிலையடியில் நிற்க இடம் விட்டது.

திங்கட்கிழமை காலை, பன்றிமேட்டுக்கான வாராந்தர முறைப்பட்டியலைத் தலைவர் வெளியிட்டார். என் முறை வியாழக்கிழமை, காலை பத்திலிருந்து பத்து இருபது வரை. கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'கிணற்று முறை' என்று போட்டேன். முதல்வர் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.